வலி நின்று போன பல்

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டும் சடையனை மலைமேல் முகம் பார்த்து அறிந்தவர்களைவிடக் குரல் கேட்டு அறிந்தவர்கள் அதிகம். காலையில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, "திருப்பத்தூரு, திருப்பத்தூரு, ஏறுறவங்க ஏறு" என்று ஒரு சத்தம் விட்டான் என்றால், எதிர்ச் சரிவில் சாமைக் கொல்லையில் களையெடுப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். வண்டியில் ஹாரன் கெட்டுப்போய் வெகுகாலம் ஆகியும் அவன் அதைச் சரிசெய்யாததற்கு அந்தத் தொண்டைதான் காரணம் என்று ஜீப் ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள்.

நாற்பதைத் தாண்டிய ஆள். வாலிபத்தில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவன், அங்கே டிராக்டர் ஓட்டப் பழகினான். பச்சையம்மாவைக் கல்யாணம் பண்ண ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கொஞ்ச காலம் அடுத்தவர் ஜீப்பை ஓட்டினான், பிறகு தனக்கென்று ஒரு பழைய ஜீப் வாங்கினான். அந்த வண்டியில் அவன் ஏற்றாதது ஒன்றும் இல்லை. பலாப்பழம், புளி மூட்டை, ரேஷன் அரிசி, மாப்பிள்ளை பெண், ஆட்டுக்குட்டி, பிரசவ வலி கண்ட பெண்கள், ஒருமுறை கரடி அடித்துத் தோல் கிழிந்த ஒருவர். நோயாளிகளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மற்ற டிரைவர்களோடு டீ குடிப்பான். வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவன் பார்த்ததில்லை. பார்க்க அவனுக்குத் தேவையும் வரவில்லை.

காப்பித் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை விழுந்திருந்தது. முதலில் கருப்பாக ஒரு புள்ளி. பிறகு பாக்குத்தூள் போய் அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் குழி. வெறுமனே இருக்கும்போது நாக்கு நுனி தானாக அங்கே போய்த் துழாவும். பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீரென்று இழுக்கும். அப்போதெல்லாம் ஒரு சிட்டிகை புகையிலையை அந்தக் குழியில் வைத்து அழுத்திவிட்டால் மரத்துப்போகும். இடதுபக்கமாகவே மென்று மென்று, அவன் சாப்பிடும்போது முகம் ஒருபக்கமாகக் கோணும். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. அவனுக்கும்தான்.

இந்த வருஷம் பலா சீசன் தொடங்கிய நேரத்தில் வலி வேறு மாதிரி வந்தது. சூடாக டீ குடித்தால் வலித்தது. குடிக்காமல் இருந்தாலும் வலித்தது. பல்லுக்குள் யாரோ உட்கார்ந்து நாடி பிடிப்பதுபோல விண்விண்ணென்று தெறித்து, காது வரைக்கும் ஏறியது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் லேசாக முட்டினாலே உயிர் போனது. படுத்தால் இன்னும் மோசம். பச்சையம்மா கிராம்பை நசுக்கிப் பல்லில் வைத்தாள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் ஒரு டிரிப் போய்வரும் வரைக்கும் தாங்கும்.

"திருப்பத்தூருக்குத்தான தெனம் போற. அங்கயே ஒரு பல் டாக்டராண்ட காட்டிட்டு வாயேன் மாமா" என்றாள் பச்சையம்மா.

"சீசன் முடியட்டும். இப்ப ஒரு நாள் வண்டி நின்னா பழம் அழுவிப் பூடும்."

"பழம் அழுவுனா தெரியும். பல்லு அழுவுனா உனுக்குத் தெரியலையா?"

அவன் சிரித்தான். சிரித்ததும் வலித்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலி இல்லை. விரலால் தட்டிப் பார்த்தான், இல்லை. பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்தான், ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் பல்லின் ஈறில் மட்டும் சின்னப் பரு மாதிரி ஒரு கொப்புளம். அதை அழுத்தியபோது உப்புக் கரித்து நாற்றத்தோடு ஏதோ நாக்கில் பட்டது. துப்பிவிட்டான். கெட்டது வெளியே வந்துவிட்டது, ஆறிவிட்டது என்று நினைத்தான். அன்றைக்கு டீக்கடையில் வடை வாங்கி, வெகுநாளைக்குப் பிறகு வலதுபக்கமாகவே மென்று தின்றான். பச்சையம்மாவிடம் வந்து, "பாத்தியா, டாக்டரு இல்லாமயே போச்சி" என்று பெருமையாகச் சொன்னான்.

வாயில் ஒரு கெட்ட வாடை மட்டும் போகவில்லை. பச்சையம்மா அதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டான்.

பிறகு தாடைக்குக் கீழே வீங்கியது. கன்னம் வீங்கினால் பல்வீக்கம் என்று நினைத்திருப்பான். இது கழுத்துப் பக்கமாக, முகவாய்க்கு அடியில், கல்போல இறுகி நின்றது. தொட்டால் சுட்டது. பனியில் நின்றிருப்பேன், நெறி கட்டியிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். பச்சையம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள், துணியைச் சூடுகாட்டி ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் வீக்கம் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. உடம்பு நடுங்கி நடுங்கிக் காய்ச்சல் அடித்தது. களி உருண்டையை வாயில் போட முடியவில்லை. வாய் திறந்தால்தானே போடுவதற்கு? கூழைக் கரைத்துக் கொடுத்தாள். அதுவும் பாதிக்குமேல் இறங்கவில்லை.

அன்றைக்கு வண்டி எடுக்கவில்லை. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படுக்க முயன்றபோது தொண்டையை யாரோ மேலிருந்து அமுக்குவதுபோல இருந்ததால் எழுந்து உட்கார்ந்துகொண்டான். தோளில் ஒரு துண்டு. ஊறுகிற எச்சிலை அடிக்கடி அதில் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் ஷோபனா போன் பண்ணினாள். ஷோபனா அந்தப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்ஸ், ஆலங்காயத்துப் பெண். கர்ப்பிணிகளை ஸ்கேனுக்குக் கீழே அனுப்ப வேண்டியிருந்தால் சடையன் வண்டியைத்தான் கூப்பிடுவாள்.

"அண்ணா, நாளைக்கு ரெண்டு பேரு ஸ்கேனுக்குப் போவணும். வண்டி வருமா?"

சடையன் பதில் சொன்னான். ஷோபனாவுக்குப் புரியவில்லை.

"வாயில வெத்தல போட்டுக்கினு பேசாதீங்கண்ணா. துப்பிட்டு வந்து பேசுங்க."

மறுபடி சொன்னான். சுடுசோற்றை வாய் நிறைய அடைத்துக்கொண்டு பேசுகிறவன் குரல்போல, மழுங்கி வந்தது. அந்த மலை முழுக்க எட்டும் குரல் அது என்று யாராலும் சொல்ல முடியாது.

"அண்ணா, போன அக்காகிட்ட குடுங்க."

பச்சையம்மா வாங்கினாள். ஷோபனா ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீக்கம் எங்கே இருக்கிறது? காய்ச்சல் இருக்கிறதா? வீட்டில் என்ன வைத்தியம் செய்தீர்கள்? எச்சில் முழுங்குகிறாரா, வெளியே வடிகிறதா? வாயில் எத்தனை விரல் நுழைகிறது?

"ஒரு வெரலே நொழையல நர்ஸம்மா. எச்சி வடிஞ்சிக்கினே கீது. படுக்க மாட்டேங்குது."

"படுக்க வெக்காதீங்க. உக்காந்த மேனிக்கே இருக்கட்டும். சூடு ஒத்தடம் இனிமே வேணாம். நான் வர்றேன்."

ஸ்கூட்டரில் வந்து இறங்கியவள் உட்காரக்கூட இல்லை. டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்க முயன்றாள். பல்லிடுக்கு வழியாகத் தெரிந்த அளவில் நாக்கு மேலே எழும்பி அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழுத்து வீக்கத்தை மெல்ல அமுக்கினாள். விரல் பதியவில்லை, பலகைபோல இருந்தது. மூச்சை எண்ணிப் பார்த்தாள்.

"அக்கா, இது பல்லுல இருந்து வந்த சீழு. நாக்குக்கு அடியில, கழுத்துல எறங்கி கீது. மூச்சுக்குழல அமுக்கிச்சின்னா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல. இப்பவே கெளம்பணும்."

சடையன் கையை ஆட்டினான். நாளைக்குப் போகலாம் என்பதுபோல.

"நாளைக்கின்னு ஒண்ணு கீதான்னே எனுக்குத் தெரியல அண்ணா" என்றாள் ஷோபனா. பயமுறுத்தச் சொன்னது இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அது சடையனுக்குத் தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டான்.

அவள் 108-க்கு அடித்தாள். வண்டி வேறொரு கேஸோடு ஆலங்காயத்தில் இருந்தது, அதை விட்டுவிட்டு மலை ஏற நேரம் ஆகும் என்றார்கள். மலைமேல் இருந்த ஜீப்புகள் எல்லாம் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு காலையிலேயே இறங்கிவிட்டன. சடையனின் ஜீப் வாசலில் நின்றது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை. ஊரில் அப்போது இருந்த ஒரே டிரைவர் ரமேஷ். அவன் வண்டி கியர் பாக்ஸ் போய்ப் பட்டறையில் கிடந்ததால் வீட்டில் இருந்தான்.

ரமேஷும் சடையனும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு கல்யாண கோஷ்டியை யார் முறைக்கு யார் ஏற்றிக்கொண்டு போனது என்ற தகராறில், ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஒருவர் வண்டி எதிரே வந்தால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பச்சையம்மா அதையெல்லாம் நினைக்கவில்லை. ரமேஷ் வீட்டு வாசலில் போய் நின்று, "தம்பி, அவுருக்கு மூச்சு முட்டுது. வண்டிய எடுக்கணும்" என்றாள். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ரமேஷ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சாவி எங்க கீது?" என்று மட்டும் கேட்டான்.

சடையனை முன்சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் முன்னால் குனிந்தாற்போல இருக்கச் சொன்னாள் ஷோபனா. அவளும் பச்சையம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வண்டி இறங்கியது.

தன் வண்டியில் தான் ஓட்டாமல் சடையன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எந்த வளைவில் எந்த கியர், எங்கே பிரேக்கை விட்டுப் பிடிக்க வேண்டும், எல்லாம் அவன் காலுக்குத் தெரியும். ரமேஷின் கால் வேறு மாதிரி வேலை செய்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கியரை மாற்றத் தாமதமானபோது சடையன் தாங்கமாட்டாமல் டேஷ்போர்டைத் தட்டினான்.

"தெரியுது, தெரியுது" என்றான் ரமேஷ், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் இந்த ரோட்லதான் ஓட்றேன். நீ மூச்ச மட்டும் பாரு."

அதற்குமேல் சடையனால் ரோட்டைக் கவனிக்க முடியவில்லை. மூச்சு உள்ளே போகும் வழி குறுகுவது அவனுக்கே தெரிந்தது. ஒவ்வொரு மூச்சையும் கூப்பிட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து பச்சையம்மாவின் கை அவன் தோளைப் பிடித்தபடி இருந்தது. இத்தனை பேரை இதே சீட்டில் உட்காரவைத்து, "ஒண்ணும் ஆவாது, தோ வந்துட்டோம்" என்று சொல்லியிருக்கிறான். அவர்களுக்கெல்லாம் உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது என்று நினைத்தான்.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. ஆக்ஸிஜன் முகமூடி வைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஆள் படுக்கையைக் காட்டியபோது ஷோபனா மறித்து, "படுக்க வெச்சா அடைச்சிக்கும். உக்கார வெச்சே இட்டுக்கினு போங்க" என்றாள். அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், படுக்கையின் தலைமாட்டை நிமிர்த்தினார்.

திருப்பத்தூரில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, உடனே வேலூருக்கு அனுப்பினார்கள். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் இறக்கி மூச்சுக்கு வழி செய்துகொண்டு, தாடைக்கு அடியில் கீறிச் சீழை வடித்தார்கள். அந்தக் கடைவாய்ப் பல்லையும் அதன் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். கீறின இடத்தில் ரப்பர்க் குழாய் வைத்துக் கட்டு போட்டார்கள். அவனுக்கு நினைவு தெளிந்தபோது பேச்சு வரவில்லை. பச்சையம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், பட்டறையில் கிடந்த வண்டியையும் அப்படியே விட்டுவிட்டு, ரமேஷ்.

பேச்சு வந்த பிறகு சடையன் டாக்டரிடம் முதலில் கேட்டது இதுதான்: "வலி நின்னுடுச்சே சார். நின்ன அப்புறம் எப்படி வந்துச்சி?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "பல்லுக்கு உள்ள நரம்பு இருக்குதுங்க. அது உசுரோட இருக்கிற வரைக்கும் வலிக்கும். கிருமி அதைக் கொன்னுடுச்சின்னா வலி நின்னுடும். ஆனா கிருமி சாகல. வேர் வழியா எலும்புக்குள்ள எறங்கிடும். ஈறுல கொப்புளம் வந்துதா? வாயில கெட்ட வாடை வந்துதா? அதெல்லாம் உள்ள சீழ் இருக்குன்னு சொல்ற அடையாளம். நீங்க அப்பவே வந்திருந்தா பல்லோட முடிஞ்சிருக்கும்."

இன்னொன்றும் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தது. அவனுக்குத் தெரியாமலே எத்தனை காலமாகவோ. சர்க்கரை இருக்கிற உடம்பில் சீழ் வேகமாகப் பரவும், சீக்கிரம் ஆறாது. புகையிலை இனிமேல் கூடவே கூடாது.

"ஒரு பல்லு வலின்னு வந்து எத்தன நோவு சொல்றாங்க பாரு" என்று அவன் முனகியபோது, "நீயா எங்க வந்த? நாங்க தூக்கிக்கினு வந்தோம்" என்றாள் பச்சையம்மா.

வீடு திரும்பியபோது சீசன் முடிந்திருந்தது. முகவாய்க்கு அடியில் ஒரு தழும்பு. குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. முதல் நாள் ஸ்டாண்டில் அவன் சத்தம் விட்டபோது பாதியில் உடைந்தது, மீதியை ரமேஷ் கத்தி முடித்தான். ஸ்டாண்டே சிரித்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று கேட்டால், அப்படி உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. முறை வரும்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சடையனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வண்டியில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினால் கண்ணாடியில் அவர்களையே பார்ப்பான். "இன்னா, பல்லா? தண்ணி பட்டா கூசுதா? கடிச்சா வலிக்குதா? காய்ச்சல் கீதா?" என்று வரிசையாகக் கேட்பான். ஈறில் ரத்தம் வருகிறது என்றால் விடமாட்டான். "வாய் தொறக்க முடியல, முழுங்க முடியலன்னா யோசிக்கவே கூடாது, நேரா ஆஸ்பத்திரி" என்று சொல்லித் தழும்பைக் காட்டுவான். சிலருக்கு அது தொல்லையாகக்கூட இருந்தது. ஒரு நாள் லட்சுமணன் என்கிற புளி வியாபாரி இரண்டு கன்னமும் வீங்கி ஏறினார். சடையன் வழியில் யாரையும் ஏற்றாமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் இறக்கினான். பார்த்த டாக்டர் அது பொன்னுக்கு வீங்கி, வீட்டில் தனியாகப் படுத்து ஓய்வெடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். அந்தக் கதை ஸ்டாண்டில் ஒரு மாதம் ஓடியது. "டாக்டர் சடையன் வந்துட்டாரு, வாயத் தொறங்க" என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டான். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

சுந்தரம்மாள் நெல்லிவாசல் பக்கத்துக்காரி, வாரச்சந்தைக்குத் தேன் கொண்டுபோகிறவள். அவள் முகவாயில் ஒரு சின்னப் புண் இருந்தது. ஆறுவதுபோல ஆறி, மறுபடி உடைந்து நீர் வடியும். வருஷக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். பல் வலிக்கிறதா என்று சடையன் கேட்டபோது, "அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சிப்பா" என்றாள்.

எப்பவோ நின்றுபோனது என்ற சொல் சடையனைச் சும்மா இருக்க விடவில்லை. அவனுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஷோபனாவிடம் சொன்னான். அவள் சுந்தரம்மாளைப் பார்த்துவிட்டு, தோல் புண் என்று விடவேண்டாம், பல் டாக்டரும் பார்க்கட்டும் என்று எழுதி அனுப்பினாள். எக்ஸ்ரே எடுத்ததில் கீழ் முன்பல்லின் வேருக்கு அடியில் எலும்பைத் தின்றுகொண்டு சீழ் இருந்தது. வெளியே வர வழி தேடி முகவாய்த் தோலைத் துளைத்திருந்தது. பல்லை எடுக்க வேண்டியிருந்தது.

சுந்தரம்மாளுக்கு அதில் வருத்தம்தான். திரும்பி வரும்போது வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, ஊர் வரும் வரைக்கும் சடையனை விடாமல் திட்டினாள்.

"புண்ணக் காட்டப் போனவள முன்பல்லு இல்லாதவளா ஆக்கிட்டியே. சந்தையில எவன் எங்கிட்ட தேன் வாங்குவான்?"

"பல்லு கட்டிக்கலாம் அக்கா, டாக்டரு சொன்னாரு இல்ல?"

"நீ கட்டிக்கினியா?"

சடையன் வாயைத் திறந்து வலதுபக்கத்தைக் காட்டினான். கட்டிக்கொள்ளவில்லை, அங்கே பொக்கையாகத்தான் இருந்தது. அவள் துண்டை இன்னும் இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சாமை அறுவடை முடிவதற்குள் முகவாய்ப் புண் மூடிக்கொண்டது. களிம்பு டப்பாவை அவள் தூக்கிப் போட்டுவிட்டாள்.

பச்சையம்மாவும் போய்க் காட்டினாள். இரண்டு பல்லில் சொத்தை ஆரம்பித்திருந்தது, அடைத்துவிட்டார்கள். அவள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருந்தபோது சடையன் பக்கத்திலேயே நின்றான். ஒவ்வொரு மிஷின் சத்தத்துக்கும் அவன் முகம்தான் சுளித்தது.

"நீங்க வேணா வெளிய போய் உக்காருங்க" என்றார் பல் டாக்டர்.

"வேணாம் சார்" என்றான் சடையன். "இங்கயே நிக்கறேன்."